நீண்ட துப்பறியும் தொடரை அலுக்காமல் பார்ப்பது எப்படி?

எழுபது கதைகள் கொண்ட ஒரு துப்பறியும் தொடரை வீட்டில் முதலிலிருந்து பார்க்க ஆசை இருக்கிறது, ஆனால் பாதியில் அலுத்துவிடுமோ என்று தயக்கமாகவும் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பொய்ரோ என்ற துப்பறிவாளரை வைத்து ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி எழுதிய கதைகளிலிருந்து எடுத்த ‘அகதா கிறிஸ்டியின் பொய்ரோ’ தொடரின் எழுபது கதைகளையும் என் அம்மாவுடன் அமர்ந்து பார்த்து முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு கதை என்று வைத்துக்கொண்டால் அலுக்கவே அலுக்காது. ஒரே நாளில் நான்கைந்து கதைகளைப் பார்த்தால், ஒரு மரணம், சந்தேகத்துக்குரிய ஐந்தாறு பேர், கடைசியில் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டிவைத்து விளக்கம் என்ற சட்டகம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும், கதை தெரியாது.

நாங்கள் பின்பற்றிய வழக்கம் ஒன்று உண்டு. பொய்ரோ எல்லோரையும் உட்காரவைத்துப் பேசத் தொடங்கும் இடத்தில் படத்தை நிறுத்திவிடுவோம். குற்றவாளி யார், ஏன், எப்படி என்று ஆளுக்கு ஒரு பக்கம் நோட்டில் எழுதிய பிறகுதான் மறுபடி ஓடவிடுவோம். நான் யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்று கட்டம் போட்டுக்கொண்டிருப்பேன். அம்மா பெரும்பாலும் ஒரே வரிதான் எழுதுவார்: ‘இவர் சொல்வதை இவரைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.’ என் கட்டங்களைவிட அந்த வரியே அதிக முறை சரியாக இருந்தது. விடை தவறிய இரவுகளில், எந்த இடத்தில் ஏமாந்தோம் என்று கண்டுபிடிக்கப் படத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்போம். தடயத்தை நம் கண்ணெதிரே வைத்துவிட்டு, அந்த நொடியில் நம் கவனத்தை வேறு பேச்சின் பக்கம் திருப்பியிருப்பார்கள். அதைக் கண்டுகொள்ளும்போது வரும் மகிழ்ச்சி, விடையைச் சரியாகச் சொல்லும் மகிழ்ச்சிக்குச் சற்றும் குறைந்ததில்லை.

எல்லாத் தொடருக்கும் இந்த வழக்கம் பொருந்தாது. பீட்டர் ஃபால்க் நடித்த ‘கொலம்போ’வில் கொலை செய்தவர் யார் என்பதைப் பெரும்பாலும் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். அவர் எந்த இடத்தில் சிக்குவார் என்பதுதான் அங்கே புதிர். ஆகவே அதை நிறுத்தாமல், பேச்சில் கவனம் வைத்துப் பார்க்க வேண்டும்.

வரிசையை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள். பொய்ரோ தொடர் 1989 ஜனவரியில் தொடங்கி 2013 நவம்பரில் நிறைவடைந்தது. தொடங்கும்போது பொய்ரோவாக நடித்த டேவிட் சூஷேவுக்கு வயது 42, முடியும்போது 67. தொடக்கக் கதைகளில் பெரும்பாலானவை ஒரு மணி நேரத்துக்குள் முடிபவை. வெளிச்சமும் வேடிக்கையும் நிறைந்தவை. பொய்ரோவின் நண்பர் கேப்டன் ஹேஸ்டிங்ஸ், காவல்துறைத் தலைமை ஆய்வாளர் ஜாப், செயலாளர் மிஸ் லெமன் ஆகிய மூவரும் அடிக்கடி உடனிருப்பார்கள். பிற்காலக் கதைகள் நீளமானவை, இருண்டவை. பல ஆண்டுகளுக்கு அந்த மூவரையும் காண முடியாது. வாரம் ஒன்றாகப் பார்த்து வந்தவர்களுக்கு அந்த இல்லாமை உறைக்கும். கடைசிப் பருவத்தில் அவர்கள் திரும்பி வந்தபோது அம்மா, வெளியூர் போயிருந்த உறவினரை வரவேற்பதுபோல் ஒவ்வொருவர் பெயரையும் சொன்னார்.

பொய்ரோமீது நமக்கு இத்தனை ஒட்டுதல் வருவதற்குச் சூஷேவின் உழைப்பு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். கிறிஸ்டியின் கதைகளைப் படித்து, பொய்ரோவின் இயல்புகளை 93 குறிப்புகளாக அவர் எழுதி வைத்திருந்தார். மேசைமேல் கோணலாக இருக்கும் பொருளை நேராக்கும் விரல்களையும், சிறு அடிகளாக எடுத்துவைக்கும் அந்த நடையையும் கவனியுங்கள். அந்த ஒழுங்குப் பழக்கமே ஒரு கதையில் விடையைத் திறந்துவிடுகிறது. எந்தக் கதை என்று சொல்லி உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க மாட்டேன். அதே காரணத்தால், முழுவதும் பார்த்து முடிக்கும்வரை எந்தக் கதையைப் பற்றியும் இணையத்தில் தேடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசிக் கதையான ‘திரை’ மிகவும் கனமானது. கடைசிப் பருவத்தின் மற்ற நான்கு கதைகளுக்கும் முன்பாகவே அதைப் படமாக்கிவிட்டார்கள். அந்தத் துயரத்தோடு படப்பிடிப்பு முடிய வேண்டாம் என்று சூஷே விரும்பினார். நமக்கோ அது கடைசியாகத்தான் வருகிறது. மறுநாள் வேலை இல்லாத ஓர் இரவாகப் பார்த்து அதை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அன்று படத்தை நிறுத்தச் சொல்லி இருவருமே கேட்கவில்லை. நோட்டு மேசைமேல் மூடியபடியே இருந்தது.