ரேடியேட்டர் ஃபேன் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது. 30க்குப் பதில் 40 ஆம்ப் போடலாமா?

கேள்வி இதுதான்: ஒன்பது வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். ரேடியேட்டர் ஃபேனுக்கான 30 ஆம்ப் ஃபியூஸ் மாற்றினால் இரண்டு மூன்று நாள் நிற்கிறது, பிறகு டிராஃபிக்கில் ஏ.சி. ஓடும்போது போய்விடுகிறது. மெக்கானிக் 40 ஆம்ப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்.

40 போடாதீர்கள். அந்த ஃபியூஸ் காப்பது மோட்டாரை அல்ல, வயரை. அந்த வயரின் தடிமன் 30 ஆம்ப் ஃபியூஸை நம்பித் தேர்ந்தெடுத்தது. மோட்டார் 35, 38 ஆம்ப் இழுத்துக்கொண்டே இருந்தால் 40 ஆம்ப் ஃபியூஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வயரின் மேலுறை இளகும், அதே கட்டில் ஓடும் மற்ற வயர்களோடு ஒட்டிக்கொள்ளும். சிறிய செலவில் முடிகிற வேலை எஞ்சின் அறை வயரிங் முழுவதையும் மாற்றுவதில் போய் நிற்கும். ஃபியூஸ் மேல் செப்புக் கம்பி சுற்றுவது இதைவிட மோசம்.

முதலில், போன ஃபியூஸைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே கம்பி இருந்த இடம் கறுத்து, பிளாஸ்டிக்கில் உலோகத் துளி தெறித்திருந்தால் பெரிய கரண்ட் ஒரே நொடியில் பாய்ந்திருக்கிறது, அது ஷார்ட். கம்பி நடுவில் மட்டும் மெலிந்து அறுந்து, கறை இல்லாமல் இருந்தால் ஓவர்லோடு. கம்பி முழுதாக இருந்தும் ஃபியூஸின் கால் அருகே பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் கோளாறு ஃபியூஸ் பெட்டியில்: உள்ளே இருக்கும் கிளிப் தளர்ந்து, சரியாகப் பிடிக்காமல் சூடாகிறது. இதற்கு எத்தனை ஃபியூஸ் மாற்றினாலும் பயனில்லை, அந்த டெர்மினலை மாற்ற வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு நேரத்தில் போகிறது என்பது. பிளேடு வகை 30 ஆம்ப் ஃபியூஸ் 100 ஆம்புக்கு மேல் பாய்ந்தால் அரை விநாடிக்குள் போகும். 60 ஆம்ப் என்றால் 5 விநாடிக்குள். 40 ஆம்ப் அளவென்றால் சில நிமிடம்கூடத் தாங்கும். ஆகவே சாவி போட்டதும், ஃபேன் சுற்றும் முன்பே போனால் ஃபியூஸுக்கும் ரிலேக்கும் (ஃபேனுக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் மின்சுவிட்ச்) இடையில் ஷார்ட். ஃபேன் கிளம்பும் அந்த நொடியில் போனால் மோட்டார் இறுகியிருக்கிறது, அல்லது ரிலேக்குப் பிறகான வயர் பாடியைத் தொடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் போனால் உரசும் வயர். உங்களுடையதுபோல் நாள்கணக்கில் நின்று, சூடான டிராஃபிக்கில் போனால் நான் முதலில் சந்தேகப்படுவது மோட்டாரைத்தான்.

மோட்டாரை ஓம்ஸ் மீட்டரால் சோதிக்க முயலாதீர்கள். நல்ல மோட்டாரின் சுருளே ஒரு ஓமுக்கும் கீழேதான் காட்டும். மீட்டர் வயரின் ரெசிஸ்டன்ஸும் கிட்டத்தட்ட அதே அளவு. நல்லதா ஷார்ட்டா என்று அதில் பிரித்தறிய முடியாது. கரண்ட்தான் அளக்க வேண்டும். பேட்டரி தரும் டி.சி. கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்விப் பிடித்து அளப்பது) தேவை. வீட்டு எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் பல மீட்டர்கள் வீட்டு மின்சாரமான ஏ.சி. கரண்ட் மட்டும்தான் அளக்கும், கேட்டு வாங்குங்கள்.

எஞ்சினை அணைத்து, மோட்டார் கப்ளரை (வயர் இணைக்கும் பிளக்கை) கழற்றியபின் ஃபேனைக் கையால் சுற்றுங்கள். காந்தம் இழுப்பதால் விட்டு விட்டு ஒரு தடை தெரிவது இயல்பு. ஆனால் தட்டிவிட்டால் தங்குதடையின்றிச் சுற்றி நிற்க வேண்டும். ஓரிடத்தில் உரசினாலோ, நறநறவென்றாலோ, ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தாலோ புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்துவிட்டது. பிளேடு பக்கக் கூட்டில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். முன்பக்கம் லேசாக இடிபட்ட வண்டிகளில் இது உண்டு.

பிறகு பேட்டரியிலிருந்து நேரடியாக, நடுவில் ஒரு 30 ஆம்ப் ஃபியூஸ் வைத்து, 4 சதுர மி.மீ. வயரில் மோட்டாரை ஓட்டுங்கள். மோட்டார் மேல் 120 வாட் என்று இருந்தால் சுமார் 10 ஆம்ப் இழுக்க வேண்டும். கிளம்பும்போது இதைப்போல் சில மடங்கு ஏறி, ஓரிரு விநாடியில் இறங்கி நிற்பது சரி. 10 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் 10 காட்டி, சூடேறச் சூடேற 15, 18 என்று ஏறினால் வேறு எதையும் தேட வேண்டாம். வேகம் குறைந்து கரண்ட் ஏறினால் புஷ் இறுகுகிறது, அல்லது ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பகுதி) சுருளில் ஷார்ட். வேகமும் குறைந்து கரண்டும் குறைந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அது ஃபியூஸைப் போக்காது, ஆனால் ஒருநாள் ஃபேன் நின்றுவிடும். மழைநீரில் இறக்கிய வண்டி என்றால் தண்ணீரும் கார்பன் தூளும் சேர்ந்த சேறு கம்யூட்டேட்டர் (கார்பன் பிரஷ் உரசும் செம்புப் பகுதி) இடுக்குகளில் படிந்து கரண்ட் கசியும். பிரித்துத் துடைத்து மீண்டும் போட்டால் கொஞ்ச நாள் ஓடும். என்னைக் கேட்டால், புஷ் தேய்ந்த மோட்டாரைப் பழுதுபார்ப்பதைவிட அதே வாட் உள்ள புதியதைப் போடுவது மேல். இன்னும் வேகமாகக் காற்று வரட்டும் என்று அதிக வாட் மோட்டார் மாட்டினால் இதே ஃபியூஸ் மறுபடி போகும்.

மோட்டார் நன்றாக இருந்தால் வயர். இதற்கு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பலி கொடுக்க வேண்டாம். போன ஃபியூஸின் இரண்டு காலிலும் வயர் பற்றவைத்து, மறுமுனையில் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை இணையுங்கள். 55 வாட் இழை சுமார் 5 ஆம்புக்கு மேல் விடாது, ஆகவே ஷார்ட் இருந்தாலும் வயர் எதுவும் கருகாது. பல்பு கடுமையாகச் சூடாகும், பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள்.

ரிலேயைக் கழற்றி, மோட்டார் கப்ளரையும் கழற்றி, பல்பை ஃபியூஸ் இடத்தில் செருகி, சாவியைப் போடுங்கள். இப்போதே பல்பு எரிந்தால் ஷார்ட் ரிலேக்கு முன்னால். எரியவில்லை என்றால் ரிலே சாக்கெட்டில் 30, 87 என்ற இரண்டு இடங்களையும் ஒரு வயரால் இணையுங்கள். இப்போது எரிந்தால் ரிலேயிலிருந்து மோட்டார்வரை உள்ள வயரில் ஷார்ட். எரியாவிட்டாலும் நிறுத்தாதீர்கள்: ஹார்னஸை (வயர்க் கட்டை) கையால் பிடித்து, விரற்கடை விரற்கடையாக அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு சட்டென்று மின்னும் இடம்தான் நீங்கள் தேடுவது. பேட்டரி தட்டின் ஓரம், ஹார்ன் பிராக்கெட், ரேடியேட்டர் சட்டத்தின் கூரான விளிம்பு, எக்ஸாஸ்ட் பக்கம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். எலி கடித்த தடமும் இருக்கலாம். மோட்டார் கப்ளரை மாட்டியபின் பல்பு பிரகாசமாக எரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மோட்டார் வழியாகக் கரண்ட் போகிறது, அவ்வளவுதான்.

வெட்டுப்பட்ட வயரை அதே தடிமன் வயரால் பற்றவைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். இன்சுலேஷன் டேப் எஞ்சின் சூட்டில் ஒரு கோடைக்குள் பசை விட்டுப் பிரிந்துவிடும்.

ரிலே இல்லாமல் ஃபேனின் மேலேயே கன்ட்ரோல் மாட்யூல் இருக்கும் புதிய கார்களில் இந்த 30–87 இணைப்பைச் செய்யக் கூடாது, மாட்யூல் போய்விடும். இரண்டு வேகம் உள்ள ஃபேனில் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் அறுந்திருந்தால், ஃபேன் ஒவ்வொரு முறையும் முழு வேகத்திலேயே கிளம்பும்; ஏற்கெனவே தளர்ந்த மோட்டாருக்கும் ஃபியூஸுக்கும் அதுவே கூடுதல் அடி.

ஃபியூஸ் வாங்கும்போது நிறத்தை நம்பாமல் மேலே உள்ள எண்ணைப் படியுங்கள். பிளேடு வகையில் பச்சை 30. பெட்டி வடிவ ஃபியூஸில் பச்சை 40, இளஞ்சிவப்புதான் 30.

சரிசெய்யும்வரை ஓட்டியே தீர வேண்டும் என்றால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். 50 கி.மீ. வேகத்துக்கு மேல் காற்றே பெரும்பாலும் போதும். சிக்னலில் நிற்கும்போதுதான் ஆபத்து. வெப்ப முள் பாதியைத் தாண்டி ஏறினாலோ, சிவப்பு விளக்கு வந்தாலோ ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள், ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போனால், அந்தச் செலவுக்கு முன்னால் ஃபியூஸ் விலை ஒன்றுமே இல்லை.

வேலை முடிந்ததும் ஏ.சி. போட்டு, நின்ற இடத்திலேயே எஞ்சினை 20 நிமிடம் ஓடவிடுங்கள். கிளாம்ப் மீட்டர் மாட்டியபடியே ஃபேன் மூன்று நான்கு முறை நின்று கிளம்புவதைப் பாருங்கள். கடைசி முறை காட்டும் கரண்ட் முதல் முறை காட்டியதைவிட ஏறாமல் இருக்க வேண்டும். ஃபியூஸைத் தொட்டால் வெதுவெதுப்பு போதும், விரலை எடுக்கும் அளவுக்குச் சுட்டால் கிளிப்பை மறுபடி பாருங்கள்.