செருப்பு கழல்வது ஏன்?

கேள்வி: வயது 42, பெரம்பூரில் வசிக்கிறேன். 5 வாரங்களுக்கு முன் ஷட்டில் ஆடும்போது கெண்டைக்கால் தசை கிழிந்தது. முழங்காலுக்குக் கீழே இறுக்கமாகக் கட்டுப் போட்டு வருகிறேன். வலி குறைந்துவிட்டது; ஆனால் 10 நாட்களாகப் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகிறது, நடக்கும்போது செருப்பு கழன்றுவிடுகிறது. முதுகுத் தண்டில் கோளாறா?

பதில்: மரத்துப்போவதைவிடச் செருப்பு கழல்வதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன், பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்குச் செல்லும் நரம்பும் நலிந்திருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். முழங்காலின் வெளிப்புறத்தில், சற்றுக் கீழே கைக்குத் தட்டுப்படும் எலும்பு முண்டை ஒட்டிப் பெரோனியல் எனும் அந்த நரம்பு வளைந்து செல்கிறது. அவ்விடத்தில் தோலையும் சிறிது கொழுப்பையும் தவிர அதற்குக் காப்பு எதுவும் இல்லை. கிழிந்த தசையின் வீக்கமும் இரத்தக்கட்டும் நரம்பை நெருக்கக்கூடும் என்றாலும், தங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு முதல் சந்தேகம் அந்த இறுக்கமான கட்டின் மீதுதான். அதை இன்றே அவிழ்த்துவிடுங்கள். சம்மணமிடுவது, கால்மேல் கால் போடுவது, குந்தி உட்காருவது ஆகியவற்றையும் நிறுத்துங்கள்.

முதுகுத் தண்டில் ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் நசுங்கினாலும் பாதம் இப்படித் தொங்கும். ஆனால் அப்போது பெரும்பாலும் இடுப்பிலிருந்து கால்வரை வலி இறங்கும். பாதத்தை உட்புறமாகத் திருப்பும் வலிமையும் குறையும். பெரோனியல் நரம்பு மட்டும் நெருக்கப்பட்டால் அந்த வலிமை கெடாது. இதை நரம்பியல் மருத்துவர் நேரில் சோதித்தே முடிவு செய்ய வேண்டும் என்பதால், இந்த வாரமே சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ தங்கள் மருத்துவரிடமோ செல்லுங்கள். நரம்பு வழியே மின்துடிப்பு எப்படிச் செல்கிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையும், தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுப்பார்கள். சர்க்கரை நோய் இருந்தால் மறவாமல் சொல்லுங்கள். அந்நோய் உள்ளவர்களின் நரம்பு சிறிய அழுத்தத்தையும் தாங்காது. மரத்துப்போனாலே பி12 ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. குறைபாடு இல்லாதவருக்கு அந்த ஊசி நெருக்கத்தை நீக்காது.

நரம்பின் உறை மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் சில வாரங்களில் தேறும். உள்ளிழை அறுந்திருந்தால் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்ற வேகத்தில்தான் வளரும் என்பதால் மாதக்கணக்கில் பொறுக்க நேரிடும். அதுவரை பாதத்தைத் தாங்கும் பட்டையும் பிசியோதெரபியும் தேவைப்படலாம். உணர்வற்ற இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டாம். சூடு பட்டுக் கொப்புளித்தாலும் தங்களுக்குத் தெரியாது. கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சூடாகவோ கல்போல் இறுகியோ தாங்க முடியாமல் வலித்தால், அது இரத்த உறைவாகவோ தசை அறைக்குள் அழுத்தம் ஏறியதாகவோ இருக்கலாம். விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.