கணப்பு அடுப்பால் சுவர் கருகியது: யார் பொறுப்பு?

கேள்வி: சென்ற ஆண்டு வீட்டின் முன்னறையில் விறகு எரிக்கும் கணப்பு அடுப்பு ஒன்று வைத்தோம். கடையில் அடுப்பை வாங்கினோம். கடைக்காரர் அனுப்பிய ஆள் வந்து பொருத்தினார். இந்தக் குளிர்காலத்தில் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர் பழுப்பேறி, ஓரிடத்தில் கருகியேவிட்டது. "ஈர விறகை எரித்திருக்கிறீர்கள், அதனால்தான்" என்கிறார் பொருத்தியவர். "அடுப்பில் குறையில்லை, அவரைக் கேளுங்கள்" என்கிறார் கடைக்காரர். நான் யாரிடம் இழப்பீடு கேட்பது?

பதில்: கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், இன்றிலிருந்து அந்த அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். ஜிப்சம் பலகைக்குப் பின்னால் மரச்சட்டம் உள்ள சுவராக இருந்தால், வெளியே தெரிவதைவிட உள்ளே நிலைமை மோசமாக இருக்கலாம். மாதக்கணக்கில் சூடுபட்டுக்கொண்டே இருந்த மரம், புது மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பிடித்துவிடும். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். வழக்குக் கோணத்திலும் இது முக்கியம்: ஆபத்து தெரிந்த பிறகும் எரித்தால், அதைக் காட்டியே உங்கள் இழப்பீட்டைக் குறைக்கப் பார்ப்பார்கள்.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. சட்டத்தின் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் இந்தத் தகராறைத் தீர்க்கப்போகும் ஆவணம் எங்கும் ஒன்றுதான்: அடுப்போடு வந்த நிறுவனக் கையேடு. எரியக்கூடிய பொருளிலிருந்து பின்பக்கம் எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, புகைக்குழாய்க்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று அதில் அளவு போட்டிருக்கும். பல அடுப்புகளில் பின்புறத் தகட்டிலும் இருக்கும். அந்த அளவை மீறிப் பொருத்தியிருந்தால், "எனக்கு அனுபவம் இருக்கிறது" என்ற பதில் எந்த நீதிமன்றத்திலும் அவரைக் காப்பாற்றுவது கடினம். அங்கீகாரம் பெறாத, அளவு குறிக்காத அடுப்பு என்றால், அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்.எஃப்.பி.ஏ. 211 தரநிலை 36 அங்குல இடைவெளி கேட்கிறது. ஒற்றைச் சுவர் புகைக்குழாய்க்கு 18 அங்குலம். ஜிப்சம் பலகைமேல் நேரடியாக டைல்ஸ் ஒட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சூடு டைல்ஸைக் கடந்து உள்ளே போய்விடும். தீப்பிடிக்காத தடுப்புக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓட ஓர் அங்குலமாவது விட்டால்தான் அது பாதுகாப்பு.

சரி, ஈர விறகு வாதத்துக்கு வருவோம். இதை எளிதில் விட்டுவிடாதீர்கள். ஈர விறகு நன்றாக எரியாது. புகை அதிகம் வரும், புகைபோக்கிக்குள் தார் போன்ற படிவு சேரும். அடுப்புக்கு நேர் பின்னால் சுவரைக் கருக்குவது அதன் வேலையல்ல. ஆனால் அந்தப் படிவு தீப்பிடித்தால் குழாய் கடுமையாகச் சூடேறும். ஆகவே கருகல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அடுப்பின் உடல் உயரத்தில் என்றால் இடைவெளிதான் முதல் சந்தேகம். குழாயை ஒட்டி மேலே என்றால் அவர் வாதத்துக்கும் கொஞ்சம் இடம் உண்டு. அப்போது புகைபோக்கியைத் திறந்து பார்த்தவரின் அறிக்கை தேவைப்படும். அடுக்கி வைத்திருக்கும் விறகில் ஒன்றைப் பிளந்து, உள்பக்கத்தில் ஈரமானியால் அளந்து வையுங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உங்கள் பக்கம் பலம்.

அளவு நாடாவைச் சுவருக்கும் அடுப்புக்கும் இடையே பிடித்து, எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். பொருத்தியவர் இப்போது, "இலவசமாகச் சரிசெய்து தருகிறேன்" என்று வரக்கூடும். தொடவே விடாதீர்கள். அடுப்பை அரை அடி முன்னால் நகர்த்திவிட்டால் உங்கள் முதன்மைச் சாட்சி போய்விட்டது. முதலில் இருவருக்கும் சம்பந்தமில்லாத தகுதி பெற்ற ஒருவர் வந்து பார்த்து, எழுத்தில் தர வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதைப் பில் சொல்லும். அடுப்புக்கும் பொருத்துதலுக்கும் சேர்த்துக் கடையே ஒரே பில் போட்டிருந்தால், அவர் அனுப்பிய ஆளின் வேலைக்குக் கடைக்காரரே பொதுவாகப் பதில் சொல்ல வேண்டும். பொருத்தியவருக்குத் தனியாகக் கொடுத்திருந்தால் அவர்தான் முதல் எதிர்தரப்பு. குழப்பமாக இருந்தால் நோட்டீஸை இருவருக்கும் அனுப்புங்கள். ஒருவர்மீது ஒருவர் பழிபோட்டு அவர்கள் எழுதும் பதில்களே உங்களுக்கு உதவும்.

பொருத்தியவர் சான்றிதழ் தந்தாரா என்பதையும் பாருங்கள். இங்கிலாந்தில் என்றால், ஹெட்டாஸ் போன்ற அங்கீகாரத் திட்டத்தில் பதிவானவர் பொருத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளாட்சியின் கட்டடப் பிரிவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். அங்கே 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்யாதவரிடம் மறுபடி செய்து தரச் சொல்லலாம். அது முடியாவிட்டால் கொடுத்த தொகையில் குறைப்புக் கேட்கலாம். சுவர்ச் சேதத்துக்கான இழப்பீடு இதற்கு மேல் தனி. உங்கள் நாட்டிலும் இதுபோன்ற நுகர்வோர் சட்டம் இருக்கிறதா, காலக்கெடு எவ்வளவு என்று உள்ளூர் வழக்கறிஞரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், கருகலைப் பற்றி அந்த நிறுவனத்துக்கு இப்போதே எழுதுங்கள். அடுப்பு வைத்ததை முன்பே சொல்லவில்லை என்றாலும் மறைக்க வேண்டாம். பின்னால் தெரியவந்தால் கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகும். சமரசத்துக்கு வந்தால், பணத்தோடு நின்றுவிடாமல், தகுதி பெற்றவர் மறுபடி பொருத்திச் சான்றிதழ் தரும் செலவையும் எதிர்தரப்பே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுத்தில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவர் அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்.