மறைத்த பெயர் மறுபடி வருகிறதே?

கேள்வி: எங்கள் உப்புவெளி விடுதியில் வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்களை மூன்று நாளைக்கு முன் அவுட்லுக் முகவரிப் பட்டியலிலிருந்து மறைத்தேன். ஒரு பெயர் மட்டும் இன்னும் வருகிறது. ஏன்?
- வாசகி, திருகோணமலை

பதில்: எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசொஃப்டின் மின்னஞ்சல் சேவை) நிர்வாகப் பக்கத்தில் அவருடைய மெயில்பொக்ஸைத் திறந்து, மறைக்கும் தெரிவு இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். கணினியிலுள்ள அவுட்லுக், முகவரிப் பட்டியலின் பிரதியொன்றைத் தன்னிடம் வைத்திருக்கும். வழக்கமாக 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் அதைப் புதுப்பிக்கும். அந்த நேரமும் தாண்டிவிட்டதே! அப்படியானால் பெறுநர் பெட்டியில் இரண்டெழுத்து அடித்ததும் கீழே விழுகிற பெயராகத்தான் இருக்கும். முன்பு மடல் அனுப்பியதால் அது சேமிக்கப்பட்டிருக்கிறது. பெயருக்குப் பக்கத்திலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் போய்விடும். அவருக்கு எழுதிய ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் இதைச் செய்யவேண்டும்.

பெயரை மறைத்தாலும் முகவரி உயிரோடுதான் இருக்கும். முகவரி தெரிந்தவர் அனுப்பும் மடல் போய்ச் சேரும்; உள்நுழைய முடிந்தால் விலகியவர் அதை வாசிக்கலாம். ஆகவே அவருடைய உள்நுழைவை இன்றே தடுத்துவிடுங்கள், தயவுசெய்து.