‘மூவிங்’ தொடரில் பள்ளி மாணவன் பொங்சொக் ஏன் எப்போதும் கனமான பையோடு திரிகிறான்?

2023-இல் வந்த இந்தக் கொரியத் தொடரில் அதிசய சக்தி ஆய்வகத்தில் பிறப்பதில்லை. அப்பாவின் மூக்கு பிள்ளைக்கு வருவது மாதிரி ரத்தத்தில் வருகிறது. பொங்சொக்கின் வகுப்புத் தோழி ஹீசூவின் காயம் சட்டென்று ஆறுவது அவள் அப்பா ஜூவோன் வழி. பொங்சொக்கின் அப்பா டூசிக் பறப்பவர், மகனும் அப்படியே.

ஆனால் மகனுக்கு அது கட்டுக்குள் இல்லை. மனம் துள்ளினால் கால் தரையை விட்டுவிடும் (ஹீசூ சிரித்தாலே போதும், பாவம்!). அதனால்தான் அம்மா வயிறு முட்டச் சாப்பாடு போட்டு, பையிலும் எடை வைத்து அனுப்புகிறார். கேஸ் பலூன் நூலில் கல் கட்டுவதுபோல. அதையும் மீறி எழும்பினால், கணக்கில் வரும் ‘பை’யின் இலக்கங்களை 3.14159 என்று முணுமுணுத்து மனதை அடக்குவான்.

எடை கூடினால் சக்தி குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். குறைவதில்லை, மேலே கிளம்புவதைத்தான் அது பிடித்து வைக்கிறது.