கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு: ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் கேள்வி பதில்

கேள்வி (தரம் 10 மாணவி, கல்லடி): ஐயா, 'எங்கள் வாவி' என்ற தலைப்புக்கு முன்னுரை எழுதுவதற்கே அரை மணித்தியாலம் போய்விடுகிறது. எப்படித் தொடங்குவது?

பதில்: முன்னுரையை முதலில் எழுத முயல்வதுதான் இடர்ப்பாட்டுக்குக் காரணம், மகள். மட்டக்களப்பு வாவியைப் பற்றி நீங்கள் சொல்ல விரும்பும் ஒரு கருத்தை, 'கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் வாவியே உறவாக்கி வைத்திருக்கிறது' என்பதுபோல, ஒரே வாக்கியமாகத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் கீழே அந்தக் கருத்துக்குச் சான்றாகும் செய்திகளை மட்டும் குறியுங்கள்: 1924 இல் கட்டப்பட்ட கல்லடிப் பழைய பாலம், 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை மக்கள் நம்பியிருந்த படகுப்பாதை, தோணியில் வந்து சேரும் மீனும் மரக்கறியும். வாவியில் மீன் பாடும் என்று சொல்லப்படுவது எத்தனை இனிய செய்தியானாலும், இந்தக் கருத்துக்கு அது உதவாது என்றால் விட்டுவிடுவதே நல்லது. பலருடைய கட்டுரைகள் சிதறுவது இத்தகைய செய்தியைக் கைவிட மனமில்லாததால்தான். முன்னுரையைக் கடைசியில் எழுதலாம். அதற்காகப் பரீட்சைத் தாளில் நாலைந்து வரி இடம் விட்டுவையுங்கள்.

கேள்வி (சாதாரண தர மாணவர், அக்கரைப்பற்று): பந்தியை எத்தனை வரிக்கு ஒருமுறை பிரிக்க வேண்டும்?

பதில்: வரிக் கணக்கு எதுவும் இல்லை. சொல்லும் விடயம் மாறும் இடத்தில் பந்தியும் மாற வேண்டும்.

கேள்வி (மாணவர், காரைதீவு): சுவாமி விபுலாநந்தரைப் பற்றி எழுதினேன். ஆண்டுகளின் பட்டியலாக இருக்கிறது என்று ஆசிரியர் திருப்பித் தந்துவிட்டார்.

பதில்: உங்கள் ஊரிலே 1892 இல் பிறந்தவர், 1947 இல் மறைந்தார் என்பவை உண்மைகளே, ஆனால் அவற்றை வரிசையாக அடுக்குவதால் மட்டும் கட்டுரை அமையாது. அறிவியல் கற்றுப் பட்டம் பெற்ற ஒருவர், வழக்கொழிந்துபோன யாழின் சுரங்களைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்து 'யாழ் நூல்' படைத்தார் என்பதை மையமாக எடுத்துக்கொண்டால், எந்த ஆண்டு தேவை, எது தேவையில்லை என்பது தானாகவே தெளிவாகும். இந்தத் தலைப்பை மீண்டும் எழுதிப் பாருங்கள், மகன். எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு இது.

கேள்வி (ஒரு தாய், களுவாஞ்சிக்குடி): மகன் எழுதி முடித்ததும் கொப்பியை மூடிவிடுகிறார். எதையெல்லாம் திருத்தச் சொல்வது?

பதில்: முதலில் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக்க வேண்டும். அடுத்து எழுவாயும் பயனிலையும் பொருந்துகின்றனவா என்று பார்க்கட்டும்: 'மாடுகள் மேய்ந்தது' என்பது 'மாடுகள் மேய்ந்தன' என்றும், 'ஒவ்வொரு மாணவர்களும்' என்பது 'ஒவ்வொரு மாணவரும்' என்றும் வர வேண்டும். எழுத்துப் பிழையைக் கடைசியாகப் பார்த்தாலும் கவனமாகப் பார்க்க வேண்டும்; 'வாவிக்கரை' என்பதை 'வாவிக்கறை' என்று எழுதினால் கரை அழுக்காகிவிடும். நீங்களே திருத்தி எழுதிக் கொடுக்காதீர்கள், அம்மா. பிழையின் கீழே பென்சிலால் ஒரு கோடு இட்டால் போதும். என்ன பிழை என்பதை அவரே கண்டுபிடிக்கட்டும்.