வழியில இருக்கேன்னா எந்த வழி?

கேள்வி: அக்கா, காலையில எம்ஆர்டி ட்ரெயின் லேட், சூப்பர்வைசருக்கு 'ஐ ஆம் இன் த வே'ன்னு மெசேஜ் போட்டேன். அவர் சிரிப்பு ஸ்மைலி அனுப்பிட்டு 'ஆன் த வே'ன்னு திருத்தினார். ரெண்டும் ஒண்ணுதானே? - ஈசூன் வாசகர்

பதில்: ஒண்ணு இல்ல தம்பி. 'ஆன் த வே'ன்னா வந்துக்கிட்டே இருக்கேன்னு அர்த்தம், 'இன் த வே'ன்னா குறுக்க நிக்கிறேன்னு அர்த்தம், அதாவது ட்ரெயின் கதவுகிட்ட பெரிய பேக்கோட நின்னு யாரையும் இறங்க விடாம பண்றாங்களே, அவங்கதான் இன் த வே. குழப்பம் உங்க தப்பு இல்ல, தமிழ்ல 'வழியில இருக்கேன்', 'வழியில நிக்காத' ரெண்டுக்கும் அதே 'வழியில'தான், நம்ம 'ல' ஒண்ணே இன், ஆன், அட் மூணு வேலையும் பாத்துடும், இங்கிலீஷ்ல அந்த வசதி இல்ல. பேசாம எல்லாரையும் மாதிரி 'ஆன் த வே'யைச் சுருக்கி 'ஓடிடபிள்யூ'ன்னு தட்டி விட்டுருக்கலாம்!

இதே கதைதான் 'ஆன் டைம்', 'இன் டைம்'. ஒன்பது மணி வேலைக்கு ஒன்பதுக்கு கரெக்டா உள்ள இருந்தா ஆன் டைம். வுட்லண்ட்ஸ்ல கடைசி பஸ் கிளம்புறதுக்குள்ள ஓடிப்போய் ஏறிட்டீங்கன்னா இன் டைம், அதாவது கைமீறிப் போறதுக்கு முன்னாடி. அதனால சூப்பர்வைசர்கிட்ட 'ஐ கேம் இன் டைம்'னு சொன்னா, 'எதுக்குள்ள?'ன்னு கேட்பார்.

'இன் த எண்ட்'னா கடைசியில ஒருவழியா நடந்தது, 'அட் த எண்ட்'னா ஒண்ணோட முடிவுல, பின்னாடி 'ஆஃப்' போட்டு எதோட முடிவுன்னு சொல்லுவாங்க, மாசக் கடைசி மாதிரி.